பிள்ளையை ஆளுமை வகை கொண்டு அறிந்துகொள்ள முடியுமா?

வினா (வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்):
எனது மகன் தரம் நான்கில் படிக்கிறான். அடுத்த ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை. பெருந்தொகையான பிள்ளைகள் இருக்கும் தனியார் வகுப்பில் அவன் வாயே திறப்பதில்லை என்கிறார் ஆசிரியர். வீட்டிலோ தங்கையுடன் ஓயாமல் கதைப்பான். 16 ஆளுமை வகைகளைக் கொண்ட வினாக்கொத்து ஒன்றை அவனுக்காக நானே நிரப்பியபோது ‘அகமுகி’ (தனக்குள் ஒதுங்கும் இயல்பினன்) என்று வந்தது. அதை நம்பி, வகுப்பை நிறுத்திவிட்டு வீட்டிலேயே படிப்பிக்கலாமா?

பதில் 1 (கொட்டாஞ்சேனை, முன்பள்ளி ஆசிரியை):
அந்தப் பதினாறு வகைகளும், சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட கருத்துகளை அடியொற்றி, அமெரிக்காவைச் சேர்ந்த கத்தரின் பிரிக்ஸும் அவருடைய மகள் இசபெல் மையர்ஸும் வளர்ந்தோரை மனத்திற்கொண்டு உருவாக்கியவை. வளர்ந்தவரே சில வாரங்களின் பின் மீண்டும் நிரப்பினால் வேறு வகை வருவதுண்டு. இங்கே நிரப்பியவரோ நீங்கள்.

பிள்ளைகளுக்கு அதைவிடப் பொருத்தமானது, அலெக்சாண்டர் தோமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவர்களான தம்பதியர் 1956இல் நியூயோர்க்கில் தொடங்கிய ஆய்வு. புதியவற்றை அணுகும் விதம், மாற்றத்துக்கு இசைதல், கவனம் சிதறுதல் முதலிய ஒன்பது இயல்புகளைக் குழந்தைப் பருவத்திலிருந்தே அவதானித்த அவர்கள், ஏறத்தாழ 40 வீதத்தினரை இலகுவானவர்கள் என்றும், 10 வீதத்தினரைக் கடினமானவர்கள் என்றும், 15 வீதத்தினரை மெல்லப் பழகுபவர்கள் என்றும் வகுத்தார்கள். எஞ்சிய 35 வீதத்தினர் எதிலும் அடங்கவில்லை. எனக்குப் பிடித்த எண் அதுதான். பிள்ளை எந்த வகை என்பதைவிட, அவனுடைய இயல்பும் சூழலின் எதிர்பார்ப்பும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பதே அவர்களுக்கு முக்கியமாயிற்று. மெல்லப் பழகும் பிள்ளையைப் புதிய இடத்திலிருந்து முற்றாக விலக்கினால் பழகும் வாய்ப்பே இல்லாமற்போகும். அவசரப்படுத்தாமல் மீண்டும் மீண்டும் அழைத்துச் செல்வதே நல்லது.

பதில் 2 (தெகிவளை, இரு பிள்ளைகளின் தந்தை):
மேற்சொன்னதை ஏற்கிறேன். எங்கள் உறவினர்கள் மகளின் முன்னாலேயே “இவள் கூச்சக்காரி” என்று சொல்லிச் சொல்லி, பாடசாலையில் பேச்சுப் போட்டிக்கு அழைத்தபோது “நான் கூச்சக்காரி, மாட்டேன்” என்று அவளே மறுத்தாள். அகமுகி என்ற சொல் உங்கள் மகனின் காதில் விழாதிருக்கட்டும். அவன் எந்த வரிசையில் இருக்கிறான், கரும்பலகை தெரிகிறதா என்பதையும் பாருங்கள். பேசாத பிள்ளைகள் எல்லோருக்கும் காரணம் இயல்பு மட்டுமல்ல.

வினவியவர்:
இருவருக்கும் நன்றி. அவனிடம் மெதுவாக விசாரித்தேன். பிழையான விடை சொல்பவர்களை எழுப்பி நிற்க வைப்பார்களாம். அதனால் விடை தெரிந்தாலும் கை உயர்த்துவதில்லையாம். பம்பலப்பிட்டியில் சிறிய வகுப்பு ஒன்று இருக்கிறது. முடிவெடுக்குமுன் ஒரு நாள் அவனை அங்கே இருத்திப் பார்க்கவுள்ளேன்.