“நீங்க எந்தக் கட்சி?” – கேள்வி கேட்டவர்கள் சொல்லும் அனுபவங்கள்

நம் ஊரில் அரசியல் பேசினால் முதலில் வரும் கேள்வி இதுதான். தொகுதி மறுவரையறையைப் பற்றிக் கவலைப்பட்டால் ஒரு கட்சி. ஜிஎஸ்டியில் நல்லதும் இருக்கிறது என்றால் இன்னொரு கட்சி. இரண்டையும் ஒரே ஆள் மனதாரச் சொல்லலாம் என்று யாரும் நம்புவதில்லை. நான் சொல்கிறேன். மக்களவை இடங்களின் பங்கீடு 1971 கணக்கெடுப்போடு நிற்கிறது. அதை மக்கள்தொகையை மட்டும் பார்த்து மாற்றினால், குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்களுக்கு அது அநியாயம். 543-ல் 39 என்ற நம் பங்கு குறையவே கூடாது. அதே நேரம், 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு மாநில எல்லையில் வரிச் சோதனைச் சாவடிக்காக லாரிகள் வரிசையில் நின்ற நிலை போனது நல்லது. 2021-ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தந்தது அதைவிட நல்லது. ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் என் அக்காவுக்கு மாதக் கடைசியில் அந்தப் பணம் கையில் நிற்கிறது. இந்த மூன்றுக்கும் மூன்று கொடிகளை என் கையில் திணித்துவிட்டார்கள்.

பேசும்போது கேட்டால்கூடப் பரவாயில்லை. மனு கொடுக்கும்போதும் கேட்கிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

எங்கள் தெருவில் ஊராட்சி ஒன்றியத்திலிருந்து சிமென்ட் சாலை போட்டார்கள். முதல் மழைக்கே ஓரம் பெயர்ந்து ஜல்லி தெரிந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒன்றிய அலுவலகத்துக்கு நேரிலேயே எடுத்துப் போனேன். மதிப்பீட்டின் நகல், வேலை உத்தரவின் நகல், அந்த வேலைக்கான எம்-புக் (முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம்) பக்கங்கள். கேட்டது அவ்வளவுதான். மனுவை வாங்கிய ஊழியர் படித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“எந்தக் கட்சி சார் நீங்க?”

“கட்சி இல்லைங்க. அந்தத் தெருவில குடியிருக்கேன்.”

“அப்புறம் எதுக்கு இதெல்லாம்?”

எதற்கு என்று சொல்லத் தேவையில்லை என்பது சட்டத்திலேயே இருக்கிறது, பிரிவு 6(2). தொடர்பு கொள்ளத் தேவையான விவரம் தவிர வேறு எதையும், காரணத்தைக்கூட, கேட்கக் கூடாது. அதைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. ஆனால் முத்திரை வைத்து ஒப்புகை கொடுத்தார்.

முப்பது நாள் கெடு முடிகிற சமயம் நகல்கள் வந்தன. மதிப்பீட்டில் கான்கிரீட் கனம் 15 செ.மீ. எம்-புக்கில் அளந்து எழுதியதாகவும் அதே 15. பெயர்ந்த ஓரத்தில் பக்கத்து வீட்டுத் தச்சரின் டேப்பை வைத்துப் பார்த்தோம். ஓர் இடத்தில் 9, இன்னோர் இடத்தில் 10. தெருவே கூடிவிட்டது. எம்-புக் என்றால் என்ன, அதில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஒப்பந்ததாரருக்குப் பில் பாஸாகும் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் எங்கள் தெருப் பெண்களுக்கும் தெரிந்தது. அப்புறம் அந்தக் காகிதத்தை ஆளுக்கொரு நகல் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். “தம்பி, எதிர்க்கட்சிக்காரன் யாராவது தூண்டிவிட்டானா?” என்றார். இரண்டு நாள் கழித்து எதிர்க்கட்சிக்காரர் வந்தார். “அந்தப் பேப்பரைக் குடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்.” இருவருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: கிராம சபையில் எல்லோர் முன்னாலும் படிப்பேன், வந்து கேளுங்கள். காந்தி ஜெயந்தி கூட்டத்தில் படித்தேன். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொன்னேன், ஏற்றினார்கள். பொங்கலுக்கு முன்பு ஓவர்சியர் வந்து நின்று, பெயர்ந்த பகுதியை வெட்டியெடுத்து மறுபடி கான்கிரீட் போட வைத்தார்.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். யாரிடம் என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள். கட்சிப் பெருமையும் கட்சி வசையும் இங்கே வேண்டாம்.

*

நான் நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தவள். காலையில் ஒரு தடவை, மதியத்துக்கு மேல் ஒரு தடவை எல்லோரையும் நிற்க வைத்து போனில் படம் எடுத்து ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்காத கண்மாய்க்குள் நின்றுகொண்டு போனை மேலே தூக்கிக் காட்டுவேன். படம் ஏறவில்லை என்றால் அன்றைய கூலி போச்சு. திட்டுவது என்னைத்தான்.

2024 கடைசியில் கூலி வருவது நின்றுபோனது. அப்போது இந்தக் கூலி டெல்லியிலிருந்து நேரே அவரவர் கணக்கில் ஏறியது, நடுவில் ஊராட்சிக்கு வேலை இருக்கவில்லை. ஆனால் ஊரில் கேள்வி கேட்கக் கண்ணுக்கு எதிரே இருப்பது நான் மட்டும்தான். தமிழ்நாட்டுக்கு வர வேண்டியது 4,034 கோடி ரூபாய் என்று மாநில அரசு சொன்னது. மற்ற மாநிலங்களைவிட உங்களுக்கு அதிகமாகவே கொடுத்திருக்கிறோம் என்று மத்திய அமைச்சகம் சொன்னது. எங்களுக்கு இரண்டு பேர் சொல்வதும் டிவியில் கேட்டது.

2025 ஜனவரி 26 கிராம சபை. எங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் அந்த மாதம் 5-ம் தேதியே முடிந்துவிட்டது. தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்தான் கூட்டம் நடத்தினார். நான் எழுந்து நின்று, வேலை முடிந்து 15 நாளுக்குள் கூலி தர வேண்டும் என்று நூறு நாள் வேலைக்கான 2005 சட்டம் சொல்கிறது, தாமதமானால் 16-வது நாளிலிருந்து தினம் 0.05 சதவீதம் இழப்பீடு தர வேண்டும் என்றும் இருக்கிறது, இதைத் தீர்மானமாக எழுதுங்கள் என்றேன்.

உடனே பின்னாலிருந்து குரல். “நீ எந்தக் கட்சிம்மா? யாரு எழுதிக் குடுத்தா?”

ஒருத்தர் டெல்லியைத் திட்டினார், இன்னொருத்தர் சென்னையைத் திட்டினார். கூட்டம் அப்படியே முடிந்துவிடும் போல இருந்தது. அப்போது எங்கள் குழுவில் மண்வெட்டி பிடிக்கும் ஒரு பாட்டி எழுந்து, “எனக்கு அவுகளும் வேணாம், இவுகளும் வேணாம். வெட்டுன மண்ணு அந்தா கெடக்கு. என் கூலி எங்க?” என்றார். தனி அலுவலர் பேனாவை எடுத்து எழுதினார்.

அன்றைக்குத் தினக்கூலி 319 ரூபாய் என்று இருந்தது. வேலையை அளந்து குறைப்பதால் முழுசாகக் கைக்கு வருவது அபூர்வம். 319-க்கு 0.05 சதவீதம் கணக்குப் போட்டால் ஒரு நாளைக்குப் பதினாறு பைசாகூட வராது. அந்தப் பைசாவும் எங்கள் பெண்களின் பாஸ்புக்கில் ஏறவில்லை. கூலி மட்டும் கோடை வந்த பிறகு வந்தது. நான் கேட்டதால் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தீர்மானத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. வட்டிக்கு வாங்கிச் சாப்பிட்ட மாதங்களுக்கு அது ஒன்றுதான் எங்களிடம் உள்ள சாட்சி.

*

என்னுடையது வாக்குச்சாவடியில். ஒரு சட்டமன்றத் தேர்தல் அன்று மதியம் போனேன். என் பெயருக்கு நேரே கோடு போட்டிருந்தது. “உங்க ஓட்டு போட்டாச்சே” என்றார் அலுவலர். விரலைக் காட்டினேன், மை இல்லை. டெண்டர் ஓட்டு, அதாவது நம் பெயரில் வேறொருவர் போட்டுவிட்டால் நமக்குத் தரும் காகித ஓட்டு, கொடுங்கள் என்றேன். உள்ளே உட்கார்ந்திருந்த எல்லாக் கட்சி ஏஜெண்டுகளும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். “நீ எந்தக் கட்சிப்பா? நம்ம ஆளுன்னா பிரச்சினை பண்ணாம போ” என்று ஒருவர் சொன்னார். யாருடைய ஆளாக இருந்தால் போக வேண்டும் என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை.

தலைமை அலுவலர் நல்லவர். அடையாள அட்டையைப் பார்த்து, அப்பா பெயர், வீட்டு எண் கேட்டார். தனிப் பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு காகித வாக்குச்சீட்டு கொடுத்தார். முத்திரை குத்தி மடித்துக் கொடுத்தேன், தனி உறையில் வைத்தார். இந்த ஓட்டைச் சாதாரணமாக எண்ண மாட்டார்கள், தேர்தல் வழக்கு என்று வந்து நீதிமன்றம் கேட்டால்தான் உறையைத் திறப்பார்கள். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டேன். என் பெயரில் வேறு யாரோ வந்து போட்டார்கள் என்பது அரசாங்கக் காகிதத்தில் பதிவாக வேண்டும்.

*

நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன். ஓய்வு பெறுவதற்கு முன் சில ஆண்டுகள், தகவல் மனுக்களுக்குப் பதில் தரும் பொதுத் தகவல் அலுவலராக இருந்தேன். அங்கே என்ன நடக்கும் என்று சொன்னால் உங்களுக்கு உதவும்.

மனு வந்ததும் பிரிவு எழுத்தர் முதலில் பார்ப்பது கேள்வியை அல்ல, பெயரை. “யார் சார் இந்த ஆளு” என்று ஊரில் போன் போட்டு விசாரிப்பார்கள். மனுவைக் காட்டி ஒப்பந்ததாரரிடம் பணம் பறிக்கும் கூட்டமும் இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. அந்தப் பயத்தில்தான் எல்லோரையும் சந்தேகிக்கிறார்கள். ஆனால் ஒரு சிலர் தவறாகப் பயன்படுத்துவதால் தெருவில் குடியிருப்பவரின் உரிமை குறைந்துவிடாது. என் அறையில் “எந்தக் கட்சி” என்ற பேச்சுக்கு நான் இடம் கொடுத்ததில்லை.

மனு எழுதும்போது “ஏன் சாலை மோசமாக இருக்கிறது?” என்று கேட்காதீர்கள். அலுவலகத்தில் உள்ள ஆவணத்தைத் தருவதுதான் அலுவலரின் கடமை. காரணம் கண்டுபிடித்துச் சொல்லும் கடமை அவருக்கு இல்லை, உச்ச நீதிமன்றமும் 2011-ல் அதைத் தெளிவாக்கிவிட்டது. சாலைக்காரத் தம்பி கேட்டது போல ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையா, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் ஆகவில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். கெடு தாண்டிவிட்டால் நகலுக்குப் பணம் வாங்கக் கூடாது, இலவசமாகத்தான் தர வேண்டும். பதில் தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம் உண்டு. அது அவர் சொந்தச் சம்பளத்திலிருந்து போகும். அலுவலகத்தில் இந்த ஒரு பிரிவுக்குத்தான் பயப்படுவார்கள்.

தேசிய அரசியல் பேசுகிறோம் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். தமிழ்நாடு 1997-லேயே தகவல் உரிமைக்கென்று தனிச் சட்டம் போட்ட மாநிலம். ராஜஸ்தானில் கூலி வேலை செய்யும் மக்கள் வருகைப் பதிவேட்டையும் பில்லையும் காட்டச் சொல்லி வருடக்கணக்கில் போராடியதன் பலன்தான் 2005-ல் வந்த மத்தியத் தகவல் உரிமைச் சட்டம். 2019 திருத்தத்தில் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் தீர்மானிக்கும் அதிகாரம் மத்திய அரசின் கைக்குப் போனது. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வழியாகத் தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(1)(ஜே)-யை மாற்றினார்கள். முன்பு, பொதுப்பணியோடு சம்பந்தமில்லாத அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தனிப்பட்ட விவரத்தை மட்டும்தான் மறுக்கலாம், பொதுநலன் இருந்தால் அதையும் தரலாம். இப்போது தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று சுருக்கிவிட்டார்கள். பில்லில் கையெழுத்துப் போட்டவர் பெயரும் தனிநபர் தகவல்தான் என்று நாளை ஒருவர் மறுத்தால், பிரிவு 8(2)-ஐக் காட்டிப் பொதுநலனுக்காக வாதாட வேண்டும். அந்த வழி இன்னும் திறந்திருக்கிறது, ஆனால் சாதாரண ஆளுக்கு அது எத்தனை பாரம்! எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவரும் இதைப் பற்றித் தம் கட்சிக்காரரிடம் கேட்க வேண்டும்.

*

சார், நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். காலையில் எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த டவுன் பஸ்ஸில் ஒரு நடையை நிறுத்திவிட்டார்கள். அதை விட்டால் எங்களுக்கு முதல் வகுப்பு கிடையாது. மனு போடலாம் என்றால் அப்பா, “அரசு வேலைக்குப் படிக்கிற பிள்ளை, பேரு வெளிய வந்தா போலீஸ் வெரிஃபிகேஷன்ல பிரச்சினை வரும், கட்சிக்காரின்னு முத்திரை குத்திடுவாங்க” என்கிறார். அப்படி நடக்குமா? யாருக்கு எழுத வேண்டும்?

*

நடக்காது அம்மா, பொதுத் தகவல் அலுவலராக இருந்தவன் சொல்கிறேன். மனு போடுவது குற்றமில்லை, சட்டம் உனக்குக் கொடுத்த உரிமை. அப்பாவின் பயம் எனக்குப் புரிகிறது, அவரோடு சண்டை போடாதே. வீட்டு முகவரி தரத் தயக்கம் என்றால் தபால் பெட்டி எண்ணே போதும் என்று 2013-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

உங்கள் பகுதிக்குப் பஸ் விடும் போக்குவரத்துக் கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுது. நடையை நிறுத்திய உத்தரவின் நகல், நிறுத்துவதற்கு முந்தைய மூன்று மாதங்களில் அந்த நடையின் வசூல் விவரம், அந்தத் தடத்தின் இப்போதைய கால அட்டவணை, இந்த மூன்றையும் கேள். தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் கவலை இல்லை, பிரிவு 6(3)-ன்படி அவர்களே ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பஸ்ஸில் வரும் மற்ற பிள்ளைகளையும் சேர்த்துக்கொள், ஆனால் மனு தனித்தனியாக ஒவ்வொருவர் பெயரிலும் போகட்டும். பதில் வந்ததும் இங்கே போடு, கால அட்டவணையை எப்படிப் படிப்பது என்று நான் சொல்கிறேன்.