தடம் விடாமல் தங்கினால் அதுவும் குற்றமா? பெங்களூரு மலைகளில் டென்ட் போடுவது பற்றி ஒரு விவாதம்

கல்மலை_ரவி
எட்டு வருடமாக பெங்களூரைச் சுற்றியுள்ள மலைகளில் ஏறுகிறேன். போன மாதம் மாகடி பக்கம் ஒரு மலைக்கு நானும் இரண்டு நண்பர்களும் போனோம். இருட்டிய பிறகு உச்சிப் பாறையில் டென்ட் போட்டோம், விடிவதற்குள் பிரித்துவிட்டோம். தீ மூட்டவில்லை, பாட்டு வைக்கவில்லை. ஆரஞ்சுத் தோலைக்கூடப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தோம். இறங்கும்போது வனக்காவலர் நிறுத்தி அபராதம் போட்டார். கட்டிவிட்டோம். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

என் கேள்வி வேறு. வந்து போன அடையாளமே இல்லாமல் திரும்புகிறவனையும், பாட்டிலை உடைத்துப் போட்டுவிட்டு வருகிறவனையும் ஏன் ஒரே தட்டில் வைக்க வேண்டும்? ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, பொறுப்போடு நடந்துகொண்டால் திறந்த வெளியில் யார் வேண்டுமானாலும் டென்ட் போடலாம். இங்கிலாந்தின் டார்ட்மூர் வெளியில் மக்களுக்கு அந்த உரிமை உண்டு என்று 2025 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நமக்கு மட்டும் ஏன் இல்லை?

ஹலசூர்_மீனா
ரவி, நீங்கள் குப்பை போடவில்லை என்பதை நம்புகிறேன். ஆனால் குப்பையை மட்டுமே தடம் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். மாகடி, ராமநகரம் பக்கத்துப் பாறை மலைகள் கரடி வாழும் இடம். பகலெல்லாம் பாறை இடுக்கில் படுத்திருந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் கரையானும் பழமும் தேடிக் கிளம்பும். நீங்கள் டென்ட் போட ஏறிய நேரம்தான் அது வெளியே வரும் நேரம். அதற்குக் கண் பார்வை மந்தம். ஆள் கிட்டே வரும்வரை தெரியாது, தெரிந்ததும் மிரண்டு பாயும். பாய்ந்தால் பெரும்பாலும் முகமும் தலையும்தான் கிழிபடும். அப்படி ஒருவர் அடிபட்டால் மறுநாள் ஊரில் என்ன கோரிக்கை எழும் என்று யோசித்துப் பாருங்கள். கரடியைப் பிடி என்பார்கள்.

அதே பக்கத்தில்தான் ராமதேவர பெட்டா என்ற மலை இருக்கிறது. பாறுக் கழுகுகளுக்காக 2012-இல் சரணாலயம் ஆக்கினார்கள். செங்குத்துப் பாறையின் விளிம்பில் கூடு கட்டும் பறவை, வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை. ஒரு கூடு கலைந்தால் ஒரு வருடம் போச்சு.

அப்புறம் சட்டம். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதும் தீ மூட்டுவதும் கர்நாடக வனச் சட்டம் 1963-இன்படி குற்றம். சரணாலயம் என்றால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 27-ஆம் பிரிவு உள்ளே போவதையே கட்டுப்படுத்துகிறது. நல்லவன், கெட்டவன் என்று அதில் பிரித்து எழுதவில்லை. எழுதவும் முடியாது. இருட்டில் உங்கள் டென்ட்டைப் பார்க்கும் காவலருக்கு நீங்கள் எந்த வகை என்று எப்படித் தெரியும்?

கல்மலை_ரவி
கரடி விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கோணத்தில் நான் யோசித்திருக்கவில்லை.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். சட்டப்படி நமக்கு என்ன வழி இருக்கிறது? வனத்துறையின் அரண்ய விஹார இணையதளத்தில் மலையேற்றத்துக்கு முன்பதிவு செய்யலாம். நான் பார்த்தவரை அதெல்லாம் ஏறி இறங்கத்தான், சொந்த டென்ட்டோடு இரவு தங்க இல்லை. மீதி இருப்பது ஏரிக்கரைகளில் இருக்கும் தனியார் கேம்ப்சைட்டுகள். போன வருடம் அப்படி ஒன்றுக்குக் குடும்பத்தோடு போனேன். நாற்பது டென்ட், கயிறு கயிறாக வண்ண விளக்கு, ராத்திரி ஒரு மணி வரை ஸ்பீக்கர். பச்சை மரத்தை வெட்டிப் போட்டு எரித்தார்கள். கழிவு நீர் நேராகத் தண்ணீருக்குள் போனது. பட்டா நிலம் என்பதால் அதை யாரும் கேட்கவில்லை. சத்தமே போடாமல் தூங்கிய நாங்கள் அபராதம் கட்டினோம். இதில் எது பொறுப்பு, சொல்லுங்கள் மீனா.

ஹலசூர்_மீனா
அந்த கேம்ப்சைட் செய்வது தப்பு. அதற்கு எதிராக ஊராட்சியில் மனு கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். அது தப்பு என்பதால் நீங்கள் செய்தது சரி என்று ஆகிவிடாது.

மணி_இந்திராநகர்
ஸ்காட்லாந்து பற்றி ஒரு வார்த்தை. வேலைக்காக இரண்டு வருடம் கிளாஸ்கோவில் இருந்தேன். நீங்கள் சொல்லும் உரிமை உண்மைதான். ஆனால் அங்கேயும் லாக் லோமண்ட் ஏரிக்கரைகளில் 2017-லிருந்து மார்ச் முதல் செப்டம்பர் வரை அனுமதிச் சீட்டு இல்லாமல் டென்ட் போட முடியாது. வார இறுதிக் கூட்டம் மரத்தை வெட்டியது, டென்ட்டையே குப்பையாக விட்டுவிட்டுப் போனது, அதனால் வந்த விதி. கிளாஸ்கோவிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்பதுதான் அந்த ஏரியின் கஷ்டம். பெங்களூரிலிருந்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் எத்தனை மலை இருக்கிறது, எத்தனை லட்சம் பேர் சனிக்கிழமைக்காகக் காத்திருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். தவிர அங்கே கரடியும் கிடையாது, யானையும் கிடையாது.

குமார பர்வதத்தில் 2024 குடியரசு தின விடுமுறையில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் குவிந்து, கொஞ்ச காலம் மலையேற்றத்தையே நிறுத்த வேண்டி வந்தது.

கல்மலை_ரவி
மணி, நீங்கள் சொன்னதே எனக்குச் சாதகம். லாக் லோமண்டில் தடை செய்யவில்லை, எண்ணிக்கை வைத்தார்கள். குறிப்பிட்ட இடம், குறிப்பிட்ட டென்ட், முன்கூட்டியே சீட்டு. இங்கே ஏன் அதைக் கேட்கக் கூடாது? இரவுக்குப் பத்து டென்ட், தீ கிடையாது, வந்தவர் பெயர் பதிவேட்டில். கூடவே அந்த ஊர் ஆள் ஒருவருக்கு வழிகாட்டியாகச் சம்பளம்.

ஆனேகல்_முருகேசன்
ரவி அண்ணா, மீனா அக்கா, நான் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறேன். வீடு ஆனேகல் பக்கம், பன்னேர்கட்டா காட்டின் ஓரம். எங்கள் நிலத்துக்கும் காட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம்தான்.

ராகி கதிர் பிடித்ததிலிருந்து அறுப்பு முடியும்வரை அப்பா ராத்திரி வீட்டில் படுக்க மாட்டார். பரண் மேல்தான். யானை வந்தால் தகரத்தைத் தட்டி, டார்ச் அடித்துத் திருப்பி அனுப்புவார்கள். அந்தச் சமயத்தில் இரண்டு வருடம் முன்பு ஐந்தாறு பேர் பள்ளத்துக்கு அந்தப்புறம் டென்ட் போட்டிருந்தார்கள். எங்களுக்குத் தெரியாது. இந்தப் பக்கம் தகரம் தட்டினால் யானை அந்தப் பக்கம்தான் திரும்பும். உள்ளே வாழைப்பழம் வேறு வைத்திருந்தார்கள். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால்? காட்டோரத்தில் மாடு மேய்க்கிற எங்கள் ஆட்களைத்தான் முதலில் விசாரிப்பார்கள். நீங்கள் தடம் விடாமல் போய்விடலாம் அண்ணா. நாங்கள் அங்கேயேதான் இருக்க வேண்டும்.

எங்களுக்கு யாரும் வரக் கூடாது என்பதில்லை. கேட்காமல் வராதீர்கள். கிட்டத்தில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும், இன்றைக்கு யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்லுவார்கள். உங்கள் போனில் இருக்கும் மேப் அதைச் சொல்லாது.

ஹலசூர்_மீனா
தம்பி, இதை நான் சட்டப் பிரிவு வைத்துச் சொல்லியதைவிட நீங்கள் நன்றாகச் சொல்லிவிட்டீர்கள்.

தீ பற்றியும் ஒன்று. கேஸ் அடுப்புதானே என்று நினைப்பவர்களுக்காக. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. காய்ந்த புல்லில் பிடித்த தீ சரிவில் மேல்நோக்கி ஓடியது. மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் பக்கத்து மலைகளிலும் மாசி, பங்குனியில் இதே காய்ந்த புல்தான். அந்த மாதங்களில் காட்டோரத்தில் அடுப்பே வேண்டாம். சப்பாத்தியும் புளிசாதமும் கட்டிக்கொண்டு போங்கள்.

கல்மலை_ரவி
முருகேசன், பதில் எழுத ஒரு நாள் எடுத்துக்கொண்டேன். எட்டு வருடத்தில் மலை அடிவாரத்து வீடு ஒன்றில் ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. யார் கண்ணிலும் படாமல் போவதைத்தான் நல்ல பழக்கம் என்று நினைத்திருந்தேன். காப்புக்காட்டுக்குள் இனி இரவு தங்க மாட்டேன்.

ஆனால் அனுமதியோடு தங்கும் இடம் வேண்டும் என்ற கோரிக்கையை விடப் போவதில்லை. வனத்துறைக்கு மனு எழுதுகிறேன். மீனா, இதில் சேருவீர்களா?

ஹலசூர்_மீனா
கரடி, யானை நடமாடும் மலை எதுவும் பட்டியலில் இருக்கக் கூடாது. அப்படியென்றால் சேருகிறேன். அதற்குப் பிறகு எத்தனை மலை மிஞ்சும் என்று எனக்குச் சந்தேகம்தான், அதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. 2018-இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் இமயமலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதையே தடை செய்தது. சில இடங்களை ராத்திரியில் சும்மா விட்டுவிடத்தான் வேண்டும்.

கழிப்பறை விதியையும் மனுவில் எழுதுங்கள். தண்ணீரிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழம் குழி, மண் போட்டு மூட வேண்டும், டிஷ்யூ காகிதம் பையில் திரும்ப வர வேண்டும். பாறை மலையில் தோண்ட மண்ணே கிடைக்காது. அதனால் உச்சியில் இடம் கேட்காதீர்கள், அடிவாரத்தில் கேளுங்கள்.

ஆனேகல்_முருகேசன்
அண்ணா, அப்பாவிடம் பேசினேன். அறுப்பு முடிந்து, யானை உள்காட்டுக்குத் திரும்பிய பிறகு எங்கள் களத்தில் டென்ட் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். பட்டா நிலம்தான், ஆனாலும் வனவரிடம் அவரே முன்கூட்டிச் சொல்லிவிடுவார். ஆறு மணிக்குள் வந்துவிட வேண்டும். சாப்பாடு எங்கள் வீட்டில், டென்ட்டுக்குள் எதுவும் வைக்கக் கூடாது. இருட்டிய பிறகு பள்ளத்துப் பக்கம் போகக் கூடாது. பணம் வேண்டாம் என்கிறார், அதை நாம் நேரில் பேசிக்கொள்ளலாம்.

எத்தனை பேர் வருவீர்கள்?

கல்மலை_ரவி
மூன்று பேர், இரண்டு டென்ட். தேதியை அப்பாவே சொல்லட்டும்.