புதுப்பிப்பு: பாரிஸில் இருவருக்குச் சில நாள், எந்த டிக்கெட் சரிப்பட்டது

பாரிஸ் மெட்ரோ, பஸ்ஸுக்கு வாரப் பாஸா, தனி டிக்கெட்டா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. "ஆளுக்கொரு நவிகோ ஈஸி அட்டை" (தனி டிக்கெட்டுகளை ஏற்றித் தட்டிப் போகும் அட்டை) என்ற யோசனைதான் எடுபட்டது.

அட்டை 2 யூரோ. ஒரே அட்டையை இருவர் மாறி மாறித் தட்டக் கூடாது. பரிசோதகரிடம் சிக்கினால் அபராதம்தான். 2025 கட்டணப்படி மெட்ரோ/ஆர்இஆர் (புறநகர் ரயில்) டிக்கெட் 2.50 யூரோ, விமான நிலைய டிக்கெட் 13.

யாரும் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. இந்த இரண்டு டிக்கெட்டும் ஒரே அட்டையில் சேர்ந்திருக்காது. மெட்ரோ டிக்கெட் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தாலும் விமான நிலைய டிக்கெட்டை அதில் ஏற்ற முடியாது. அதனால் ஷார்ல் த கோல் விமான நிலையத்தில் இறங்கியதும் விமான நிலைய டிக்கெட்டை மட்டும் ஏற்றுங்கள். ஆர்இஆர் பி-யில் வந்து மெட்ரோ மாறுவதும் அதிலேயே அடங்கும். அறைக்குப் போய்ச் சேர்ந்தபிறகு மெட்ரோ டிக்கெட் ஏற்றலாம். திரும்பும்போது மெட்ரோ டிக்கெட் மிச்சம் இருந்தால் வீணாக்க வேண்டாம், இன்னொரு 2 யூரோ அட்டை வாங்குவதே லாபம்.

பஸ்ஸுக்குத் தனி டிக்கெட், 2025-இல் 2 யூரோ. மெட்ரோவிலிருந்து பஸ்ஸுக்கு மாறினால் மெட்ரோ டிக்கெட் செல்லாது.

லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு மாலையில் போகச் சொன்னதும் நல்ல யோசனை: புதன், வெள்ளி இரவு 9 வரை திறந்திருக்கும், செவ்வாய் விடுமுறை. ஓர்சே அருங்காட்சியகத்துக்கு விடுமுறை திங்கள். மியூசியம் பாஸ் (பல அருங்காட்சியகங்களுக்கு ஒரே சீட்டு) இருந்தாலும் லூவ்ருக்கு நேரம் முன்பதிவு செய்தே ஆக வேண்டும். ஐஃபெல் கோபுரம் அந்தப் பாஸில் சேர்த்தி இல்லை. ஒரு நாளைக்கு ஓரிடம் மட்டும் பார்ப்பவர்களுக்கு அந்தப் பாஸ் தண்டம்.