முதல் வருஷ வேதியியல்: நீங்க போட்ட பாடத்திட்டம் எங்க கவுந்துச்சு?

மயில்துத்தம்:

வேதியியலை முதல் தடவையா படிக்க வர்ற பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்க ஆரம்பிச்சு ஒன்பது வருஷம் ஆச்சு. புதுசா சேர்ந்திருக்கற டீச்சர் ஒருத்தங்க போன வாரம் வந்து, "உங்க பாடக்குறிப்பைக் குடுங்க, பார்த்து எழுதிக்கறேன்"னு கேட்டாங்க. குடுக்கலாம்னு பழைய நோட்டையெல்லாம் எடுத்தேன். முதல் வருஷ நோட்டு இருக்கே, அவ்வளவு அழகு. கட்டம் கட்டமா கோடு போட்டு, சிவப்பு மையில தலைப்பு, ஒவ்வொரு பீரியடுக்கும் நோக்கம், கருவி, மதிப்பீடு எல்லாம் இருக்கு. அதை வச்சு நடத்தின பாடம் மாதிரி மோசமான பாடம் அதுக்கப்புறம் நான் நடத்தினதே இல்லை.

அணு அமைப்புலேருந்து ஆரம்பிச்சிருந்தேன். புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான், எந்த அடுக்குல எத்தனை எலக்ட்ரான்னு 2, 8, 8. முழுசா மூணு வாரம். பரீட்சையில மெக்னீசியத்துக்கு எல்லாரும் 2, 8, 2 சரியா போட்டாங்க. எனக்கு ஒரே பெருமை. நாலாவது வாரம் மெக்னீசியம் நாடாவைக் கொளுத்திக் காட்டினேன் (நேரா பார்க்கக் கூடாது, கண்ணுக்குக் கெடுதல், அதை முதல்லயே சொல்லிடுங்க). மிஞ்சின வெள்ளைத் தூளைக் காட்டி, "இது நாடாவை விட எடை கூடவா, குறைவா?"ன்னு கேட்டேன். "குறைவு"ன்னு வகுப்பே ஒரே குரல்ல சொல்லுச்சு. எரிஞ்சா சாம்பல், சாம்பல்னா லேசு. பேப்பர் எரிஞ்சா அப்படித்தானே பார்த்திருக்காங்க. மூணு வாரமா நான் பேசினதுக்கும் கண்ணு முன்னாடி எரிஞ்சதுக்கும் அவங்களைப் பொறுத்தவரை ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இப்பல்லாம் அந்த நாடாதான் எனக்கு முதல் வாரம். மூடி போட்ட மூசையில (சூடு தாங்கற சின்னக் கிண்ணம்) வச்சு சூடாக்கி, முன்னாடியும் பின்னாடியும் எடை பார்க்கறது. 0.30 கிராம் நாடா காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேர்ந்து முழுசா ஆக்சைடு ஆனா 0.50 கிராம் வரணும். பிள்ளைங்களுக்கு 0.46, 0.44ன்னு வரும். மூடியைத் தூக்கறப்ப புகையா கொஞ்சம் போயிடும், கொஞ்சம் மெக்னீசியம் நைட்ரஜனோட சேர்ந்து நைட்ரைடும் ஆகியிருக்கும். அந்தக் குறைச்சலைப் பத்திப் பேசவே ஒரு பீரியடை விட்டு வைக்கறேன். அணு அமைப்பு அதுக்கு ரொம்பப் பின்னாடிதான் வருது.

உங்களுக்கும் இப்படி ஒரு நாள் இருந்திருக்கும். எழுதுங்க, அந்த டீச்சருக்கு அப்படியே அனுப்பி வைக்கறேன்.

பியூரெட்:

டீச்சருக்கு மெக்னீசியம் என்றால் எனக்கு பலூன்.

நிறை மாறா விதி பாடம், அதாவது வினைக்கு முன்னும் பின்னும் மொத்த நிறை மாறாது என்பது. கூம்புக் குடுவையில் 5 சதவீத அசிட்டிக் அமிலம் 30 மில்லி, பலூனுக்குள் 2.1 கிராம் சோடியம் பைகார்பனேட். பலூனைக் குடுவையின் வாயில் மாட்டி மொத்தமாக எடை போட வேண்டும். பிறகு பலூனை நிமிர்த்தித் தூளை உள்ளே கொட்டினால் நுரைத்துக்கொண்டு பலூன் உப்பும். வாயு வெளியே போகவில்லை, ஆகவே எடை மாறாது. பார்க்கவும் அழகு, விதியும் நிரூபணம் ஆகிவிடும் என்று நினைத்திருந்தேன்.

தராசு அரை கிராமுக்கு மேல் குறைத்துக் காட்டியது.

கசிவு என்று சொல்லி, நூலால் இறுக்கிக் கட்டி மறுபடி செய்தேன். அதே குறைவு. முன்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "சார், விதி தப்பா, தராசு தப்பா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டாள். மணி அடித்ததால் தப்பித்தேன்.

அன்று இரவு தாளில் கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது. பலூன் அரை லிட்டர் உப்பினால் அரை லிட்டர் காற்றை விலக்குகிறது. காற்று லிட்டருக்கு ஏறக்குறைய 1.2 கிராம். விலக்கிய காற்றின் எடை அளவுக்கு, அதாவது 0.6 கிராம், தராசு குறைத்துக் காட்டும். தண்ணீருக்குள் நாம் லேசாக இருப்பதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான், ஆர்க்கிமிடீஸ் சொன்ன மிதப்பு. விதியும் சரி, தராசும் சரி. ஒத்திகை பார்க்காமல் வகுப்புக்குப் போன நான்தான் தப்பு.

இப்போது முதல் நாள் மூடி இறுகும் அரை லிட்டர் சோடா பாட்டிலில் செய்கிறேன். பைகார்பனேட் அரை கிராம் மட்டும், அதற்கு மேல் போட்டு அழுத்தத்தோடு விளையாட வேண்டாம். பாட்டில் உப்பாது, எடையும் நகராது. மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று சத்தம், 0.2 கிராம் போலக் குறைகிறது. பார்க்க 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். பலூனை நான் தூக்கிப் போடவில்லை. அது இரண்டாம் நாள் புதிர். விடையை நான் சொல்வதில்லை, ஒரு வாரம் ஆனாலும் சரி.

கடைசி பெஞ்ச்:

எனக்கு சமன்பாடு. "சமன் செய்தல்: 1 பீரியட்"னு எழுதி வச்சிருந்தேன். சிரிக்காதீங்க.

ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீர். ஹெச்2 + ஓ2 → ஹெச்2ஓன்னு போர்டுல எழுதி, "யாராவது வந்து சமன் பண்ணுங்க"ன்னேன். ஒரு பையன் ஓடி வந்தான். ஓ-வுக்குப் பக்கத்துல கீழ சின்னதா ஒரு 2 போட்டான். ஹெச்2ஓ2. ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு. சாக்பீஸை வச்சுட்டு வெற்றியோட திரும்பி உட்கார்ந்தான். "தப்பு, அது ஹைட்ரஜன் பெராக்சைடு"ன்னேன். "சமன் ஆயிடுச்சுல்ல சார்?"ங்கறான். அவன் கேட்டது நியாயம்தான். எழுத்தையும் எண்ணையும் வச்சு ஆடற ஆட்டம்னுதானே நானே சொல்லிக் குடுத்திருக்கேன். கீழ இருக்கற எண்ணைத் தொட்டா பொருளே மாறிப் போகும்னு எங்க சொன்னேன்?

மறுநாள் ரெண்டு நிறத்துல பொத்தானும் ஒட்டற களிமண்ணும் கொண்டு போனேன். முதல்ல மூலக்கூறு செய்யணும், அப்புறம் அதை உடைச்சு அடுக்கணும், பொத்தான் மிஞ்சவும் கூடாது, புதுசா எடுக்கவும் கூடாது. அதே பையன் ஒரு ஆக்சிஜன் பொத்தானைக் கையில வச்சுக்கிட்டு, "இது தனியா நிக்குது சார், இன்னொரு ஹெச்2 வேணும்"னான். 2-ஐ முன்னாடி போடறது அங்கதான் வந்துச்சு, அவன் வாயிலேருந்தே. நாலு பீரியட் போச்சு. போர்ஷன் பின்னாடி விழுந்துச்சு. திட்டும் வாங்கினேன்.

ஒரு விஷயம் சொன்னா பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் தெம்பு வருது. அணுக் கொள்கை சொன்ன டால்டனே தண்ணீர்ல ஒரு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன்தான்னு நினைச்சிருந்தார். 1808-ல புத்தகம் போட்டார். அந்தக் குழப்பம் தீர்ற வழி தெரிய 1860-ல ஜெர்மனியில நடந்த கார்ல்ஸ்ரூ வேதியியல் மாநாடு, அங்க வந்த இத்தாலிய வேதியியலாளர் கனிசாரோ வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு. பெரிய ஆளுங்களுக்கே அரை நூற்றாண்டு. என் பையனுக்கு நான் குடுத்தது நாற்பத்தஞ்சு நிமிஷம்.

குடுவை:

நான் ஆசிரியர் இல்லை, ஆய்வக உதவியாளர். சொல்லலாமான்னு யோசிச்சேன், சொல்லிடறேன்.

உங்க பாடத்திட்டம் எங்க கைக்கு எப்ப வருதுன்னு தெரியுமா? அன்னிக்குக் காலையில. "ரெண்டாவது பீரியட், 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ரெண்டு லிட்டர்." அடர் அமிலத்தை எடுத்து, தண்ணியில கொஞ்சம் கொஞ்சமா அமிலத்தை விட்டு (தண்ணியை அமிலத்துல ஊத்தற ஆளை இன்னும் பார்க்கறேன்), பத்துத் தட்டுல பிரிச்சு வைக்கணும். நாற்பத்தஞ்சு நிமிஷ பீரியட்னா தட்டை வாங்கி உட்கார ஏழு எட்டு நிமிஷம், கழுவி வைக்கப் பத்து நிமிஷம். சோதனைக்குக் கிடைக்கறது அரை மணி கூட இல்லை. திட்டத்துல "சோதனை: 40 நிமிஷம்"னு இருக்கும். அந்த மிச்சத்தை எல்லாம் இடைவேளையில நான்தான் கழுவறேன்.

ஒரு தடவை ஹைட்ரஜன் பெராக்சைடுல மாங்கனீசு டைஆக்சைடு போட்டு ஆக்சிஜன் காட்டற பாடம். போட்டாங்க, ஒரு குமிழி இல்லை. பாட்டில் பழசு, பெராக்சைடு தானா சிதைஞ்சு வெறும் தண்ணி ஆகியிருக்கு. முந்தின நாள் அரை சோதனைக்குழாய்ல பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

இன்னொண்ணு. சுடர்ச் சோதனையை வண்ண வண்ணமா காட்டணும்னு மெத்தனால் கேட்டு ஒரு சார் வந்தார். தட்டுல உப்பு, மேல மெத்தனால், கொளுத்தினா வானவில். நான் பாட்டிலைக் குடுக்கலை. கோவிச்சுக்கிட்டார். மெத்தனால் நெருப்பு வெளிச்சத்துல சரியா தெரியாது. அணைஞ்சிருச்சுன்னு நினைச்சு பாட்டில்லேருந்து இன்னும் கொஞ்சம் ஊத்தினா, பாட்டிலே தீப்பந்தமா எதிர் பெஞ்சு வரைக்கும் சீறும். அமெரிக்காவுல இப்படிப் பிள்ளைங்க வெந்து போனதும், அங்க வேதியியல் விபத்துகளை விசாரிக்கற வாரியம் இதைப் பத்தி எச்சரிச்சதும் எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். பதிலுக்கு மரக்குச்சியை உப்புக் கரைசல்ல ராத்திரி முழுக்க ஊற வச்சுக் குடுத்தேன். பர்னர் சுடர்ல காட்டினா லித்தியம் சிவப்பு, தாமிரம் பச்சை, சோடியம் மஞ்சள். பொட்டாசியத்தோட ஊதா மட்டும் மழுப்பும், துளி சோடியம் கலந்திருந்தாலும் அந்த மஞ்சள் எல்லாத்தையும் முழுங்கிடும். குச்சியைத் தொடற விரல் வேர்வையே போதும். அவரே அடுத்த வருஷம் வந்து "குச்சி ஊற வச்சாச்சா?"ன்னார்.

லிட்மஸ்:

குடுவை அண்ணா சொன்னதைக் கேட்டதும் எங்க ஆய்வக அக்காகிட்ட மன்னிப்பு கேட்கணும்போல இருக்கு.

எனக்கு மோல், டஜன் மாதிரி துகளை எண்ணறதுக்கு வேதியியல்ல இருக்கற அளவு. மேசையில ஒவ்வொரு மோல் அளந்து வச்சேன்: தண்ணீர் 18 கிராம், கரி 12, அலுமினியம் 27, இரும்பு ஆணி 56, உப்பு 58.5, சர்க்கரை 342. "எதுல துகள் அதிகம்?"னு கேட்டா எல்லாரும் சர்க்கரைக் குவியலைக் காட்டினாங்க, நான் நினைச்ச மாதிரியே. எல்லாத்துலயும் ஒரே எண்ணிக்கை, அவகாட்ரோ எண், 6.022 × 10²³னு சொல்லிட்டு அவங்க வியக்கறதுக்காக நின்னேன். ஒருத்தி கையைத் தூக்கி, "அவகாட்ரோ எப்படி டீச்சர் எண்ணினார்?"

எனக்கு வாய் வரலை. அவர் எண்ணவே இல்லைங்கறது அப்புறம்தான் எனக்கே தெரியும். 1811-ல அவர் சொன்னது, ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்துல சம கனஅளவு வாயுக்கள்ல சம எண்ணிக்கை மூலக்கூறு இருக்கும்னு. எத்தனைன்னு தெரியாமலே 1856-ல இறந்துட்டார். அந்த எண்ணுக்கு அவர் பேரை வைக்கலாம்னு 1909-ல சொன்னது பெரின்ங்கற பிரெஞ்சு விஞ்ஞானி. 2019-லேருந்து மோல்ங்கறதே 6.02214076 × 10²³ துகள்னு நேரடியா வரையறுத்தாச்சு. இதை மறுநாள் சொன்னப்ப அவ, "அப்ப அவருக்கே அவரோட எண் தெரியாதா"ன்னு சிரிச்சா. ரெண்டு பீரியட்னு போட்டிருந்த மோல் அஞ்சு ஆச்சு. எதையாவது சுருக்கணும்னா தனிமங்களோட பட்டியலைச் சுருக்குங்க, மோலைத் தொடாதீங்க.

பியூரெட் சார்கிட்ட மட்டும் ஒரு சின்ன சண்டை. காட்டிட்டே இருந்தா போதாது சார். நானும் அப்படித்தான் இருந்தேன், பிள்ளைங்களுக்கு வேடிக்கை பார்க்கப் பிடிச்சுது. ஒருநாள் பீக்கர்ல தண்ணீர் கொதிக்கறப்ப, "குமிழிக்குள்ள என்ன இருக்குன்னு படம் வரைங்க"ன்னேன். பாதிப் பேர் தனித்தனி ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வரைஞ்சிருந்தாங்க. சிலர் காற்று. ஒருத்தன் காலியா ஒரு வட்டம். தண்ணீர் மூலக்கூறு அப்படியே விலகிப் போகுதுன்னு வரைஞ்சது நாலு பேர். கொதிக்கறதைக் கண்ணால பார்த்துக்கிட்டே வரைஞ்ச படம் இது! அன்னிலேருந்து என் குறிப்புல ஒவ்வொரு பாடத்துக்கும் மூணு பத்தி: கண்ணுக்குத் தெரியறது, துகள் பண்றது, எழுதறது. ஜான்ஸ்டன்னு ஒருத்தர் 1982-லயே இந்த மூணையும் பிரிச்சுச் சொல்லிட்டார். நடுப் பத்தியில எழுத எதுவும் இல்லைன்னா அந்தப் பாடம் இன்னும் தயாராகலை.

மயில்துத்தம்:

எல்லாத்தையும் அந்த டீச்சருக்கு அனுப்பிட்டேன். முதல் வருஷ நோட்டையும் சேர்த்துக் குடுத்தேன், ஓரமா எல்லாம் பென்சில்ல கிறுக்கி. அவங்க நேத்து மூசைச் சோதனை பண்ணிட்டு ஓடி வந்தாங்க. ஒன்பது குழுவுக்கு எடை கூடியிருக்கு, ஒரு குழுவுக்கு 0.30 வச்சு 0.28 வந்திருக்கு. "விதிக்கே எதிரா வந்திருக்கே, அந்தப் பிள்ளைங்ககிட்ட என்ன சொல்றது? அந்த அளவீட்டை அடிச்சுடலாமா?"ன்னு முகம் வாடிக் கேட்டாங்க.

"மூடியோட சேர்த்து எடை போட்டாங்களா?"ன்னேன். இல்லையாம், ரெண்டு தடவையும் மூசை மட்டும்தானாம். மூடி இன்னும் கழுவப் போகலை. திருப்பிப் பார்த்தோம். உள்பக்கம் முழுக்க வெள்ளையா, விரல் வச்சா ஒட்டற மாதிரி படிஞ்சிருந்துச்சு. கழுவ வேண்டாம்னு குடுவை அண்ணா மாதிரி எங்ககிட்ட இருக்கறவர்கிட்ட சொல்லிட்டு, அந்தக் குழுவைக் கூட்டிட்டு வர டீச்சர் வகுப்புக்குப் போனாங்க.