நியூட்ரல் இல்லாத பழைய வீட்டுக்கு எந்த ஸ்மார்ட் ஸ்விட்ச்?

நண்பர்களே, மதுரையில் அப்பா காலத்து வீடு. ஸ்விட்ச் போர்டு எதிலும் நியூட்ரல் ஒயர் (மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர்) இல்லை. அது தெரியாமல், நியூட்ரல் இருந்தால்தான் ஓடும் வைஃபை ஸ்விட்ச் நான்கு வாங்கிவிட்டேன். எலக்ட்ரீஷியன் அண்ணன் போர்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, சுவரை உடைச்சு ஒயர் இழுக்கணுமே" என்றார். போன தீபாவளிக்குத்தான் பெயின்ட் அடித்தது. அம்மா முகத்தைப் பார்த்ததும் பழைய ஸ்விட்சையே திருப்பி மாட்டச் சொல்லிவிட்டேன்.

நியூட்ரல் தேவைப்படாத ஸ்விட்சுகள் பல்பு வழியாகவே கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொள்ளும் என்பது புரிகிறது. ஆனால் எங்கள் வீட்டில் எல்லாம் 9 வாட் எல்.இ.டி. பல்புகள். அணைத்த பிறகும் மினுக்குமா? அதைத் தடுக்கப் பல்போடு சேர்த்துக் கெப்பாசிட்டர் போட்டவர்கள் யாராவது உண்டா?

அப்புறம், என்னிடம் அலெக்ஸா, தங்கையிடம் கூகுள் ஹோம். இரண்டுக்கும் ஒத்துவர 2022இல் வந்த மேட்டர் (பல கம்பெனிச் சாதனங்களும் ஒத்துப்போவதற்கான பொதுத் தரம்) முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்கலாம் என்று நினைக்கிறேன். வைஃபைக்குப் பதிலாக ஜிக்பீ என்ற கம்பியில்லா முறை என்றால், பெரும்பாலும் தனியாக ஹப் (இணைப்புப் பெட்டி) வைக்க வேண்டும். அந்தச் செலவு தகுமா? வைஃபை ஸ்விட்சுகள் பெரும்பாலும் கேட்கிற 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் ரூட்டர் ஓடுகிறது, அதில் சிக்கல் இல்லை.

இன்னொன்று. கரண்ட் போய் நள்ளிரவு இரண்டு மணிக்கு வந்தபோது ஸ்மார்ட் பல்பு தானாகவே பளீரென்று எரிந்து, பாட்டி திருடன் என்று கத்திவிட்டார். பழைய நிலையிலேயே இருக்கும்படி வைக்க முடிகிற பல்பு எது?

கீசர் 2000 வாட், அதற்கு 16 ஆம்பியர் பிளக்தான் என்று முடிவு செய்துவிட்டேன். மற்றவற்றுக்கு, வீட்டில் மாட்டிப் பார்த்தவர்கள் மாடல் பெயரோடு சொல்லுங்கள்.