யூசேபியஸின் சபை வரலாறு: மேற்கோள் எது, அவர் சொல் எது என்று எப்படிப் பிரிப்பது?

மாலைவாசகர்

அன்பர்களே, பாலஸ்தீனத்துச் செசரியாவின் பிஷப் யூசேபியஸ் நான்காம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதிய சபை வரலாற்றை முதலிலிருந்து வரிசையாக வாசித்து, தமிழில் குறிப்பு தயாரித்து வருகிறேன். கையில் இருப்பது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மெக்கிஃபர்ட்டின் 1890 ஆங்கில மொழிபெயர்ப்பு. மூன்றாம் புத்தகம் வரை வந்தாயிற்று. மூன்று விஷயங்களில் தெளிவு வேண்டும்.

1. பக்கத்துக்குப் பக்கம் யோசேப்பஸ், எகேசிப்பஸ், பப்பியாஸ், கிளமெந்து என்று மேற்கோள்கள். பழைய ஆசிரியரின் வாக்கியம் எங்கே முடிகிறது, யூசேபியஸின் கருத்து எங்கே தொடங்குகிறது என்பது பல இடங்களில் பிடிபடவில்லை. குறிப்பாக 3.39 (மூன்றாம் புத்தகம், 39ஆம் அதிகாரம்), பப்பியாஸ் பகுதி.

2. தேதியெல்லாம் பேரரசரின் ஆட்சியாண்டில் இருக்கிறது. கி.பி. ஆண்டாக மாற்றும்போது எங்கே தவறு வரும்?

3. "தோமா இந்தியாவுக்கு வந்ததை யூசேபியஸே எழுதியிருக்கிறார்" என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது எந்தப் புத்தகம், எந்த அதிகாரம்?

ஏட்டுச்சட்டம்

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன் சகோதரரே, மற்றவற்றுக்கு நண்பர்கள் வருவார்கள்.

யூசேபியஸ் வேலை செய்த இடத்தை மனதில் வைத்துக்கொண்டு வாசித்தால் பாதிக் குழப்பம் தீரும். மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் ஓரிஜென் செசரியாவில் குடியேறி அங்கேதான் பிற்காலத்தைக் கழித்தார். அவருடைய நூல்களைத் தேடித் திரட்டி, பிரதியெடுத்து, பெரிய நூலகமாக ஆக்கியவர் பாம்பிலஸ். யூசேபியஸ் அவருடைய மாணவர், உடன் உழைத்தவர். "பாம்பிலஸின் யூசேபியஸ்" என்றே தன்னை அழைத்துக்கொண்டார். பாம்பிலஸ் 307இல் சிறைப்பட்டு 310 பிப்ரவரியில் இரத்தசாட்சியாக மரித்தார். அந்தச் சிறையிலும் பிரதி திருத்தும் வேலை நடந்தது. சினாய் கோடெக்ஸ் என்ற பழைய கிரேக்க வேதாகமக் கையெழுத்துப் பிரதியில் எஸ்தர் புத்தகத்தின் முடிவில் பிற்காலத் திருத்துநர் ஒருவர் எடுத்து எழுதிவைத்த பழைய குறிப்பு ஒன்று இருக்கிறது: "அந்தோனினஸ் ஒப்பிட்டுப் பார்த்தார், பாம்பிலஸாகிய நான் திருத்தினேன்." எழுத்துக்கு எழுத்து சரிபார்க்கும் அந்தப் பட்டறையில் வளர்ந்தவர் எழுதிய வரலாறு இது. ஆகவே இதை ஒரு கதையோட்டமாக வாசிக்காதீர்கள். நூலகத்து ஏடுகளிலிருந்து வெட்டியெடுத்து ஒட்டிய கோப்பு இது. ஒட்டுக்கு நடுவே அவருடைய உரை ஓடுகிறது.

குறிப்பெடுக்கும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் நாலில் ஒரு அடையாளம் போடுங்கள்.

"மே": "இன்னார் இந்தச் சொற்களில் எழுதுகிறார்" என்று தொடங்கும் நேர் மேற்கோள்.
"சு": "இன்னார் இப்படி விவரிக்கிறார்" என்று தன் சொற்களில் சுருக்கியது.
"கே": "என்று சொல்லப்படுகிறது", "பாரம்பரியம் அப்படி" என்பவை. இங்கே கையில் ஏடு இல்லை என்று அவரே சொல்லிவிடுகிறார்.
"யூ": அவருடைய சொந்த முடிவு.

இப்போது 3.39ஐ எடுங்கள். இரண்டாம் நூற்றாண்டுப் பிஷப் பப்பியாஸின் ஐந்து புத்தகங்களும் இன்று இல்லை, அதனால் இந்த அதிகாரம் பொன் போன்றது. பத்தி 3, 4 பப்பியாஸின் முன்னுரை: அடையாளம் மே. 5 முதல் 7 வரை யூ. யோவான் என்ற பெயர் முன்னுரையில் இருமுறை வருவதால் ஆள் இருவர் என்றும், வெளிப்படுத்தின விசேஷத்தைக் கண்டவர் இரண்டாமவராக இருக்கலாம் என்றும் வாதிடுவது யூசேபியஸ். பப்பியாஸ் அப்படிச் சொல்லவில்லை. இதைத்தான் பலர் கலந்துவிடுகிறார்கள். 8 முதல் 13 வரை பெரும்பாலும் சு. ஆனால் 13இல் பப்பியாஸை "மிகச் சிறிய அறிவுடையவர்" என்கிறாரே, அது யூ. ஆயிரமாண்டு அரசாட்சி பூமியில் நடக்கும் என்று பப்பியாஸ் நம்பியதுதான் அந்தக் கோபத்துக்குக் காரணம். 15இல் மாற்கு பேதுருவின் மொழிபெயர்ப்பாளர் என்பதும், 16இல் மத்தேயு எபிரெய மொழியில் தொகுத்தார் என்பதும் மீண்டும் மே.

நேர் மேற்கோளிலும் ஓரத்தைப் பாருங்கள். மூலம் தப்பிப் பிழைத்த இடங்களில் ஒப்பிட்டால், நடுப்பகுதி பெரும்பாலும் நேர்மையாக இருக்கிறது. தொடக்கமும் முடிவும்தான் ஒடிந்து நிற்கும். சில சமயம் வாக்கியத்தின் பாதியில் தொடங்கி, சொல்ல வந்த விஷயம் வருவதற்கு முன்பே நின்றுவிடும். அவர் ஏட்டில் அடையாளம் போட்டுக் கொடுக்க, உதவியாளர்கள் பிரதியெடுத்ததால் இப்படி ஆனது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

நடுவிலும் கை வைத்த இடம் உண்டு. 2.10இல் ஏரோது அகிரிப்பாவின் மரணம். யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியது: தலைக்கு மேல் ஒரு கயிற்றில் ஆந்தை உட்கார்ந்திருப்பதை அகிரிப்பா கண்டான், அது தீங்கின் தூதன் என்று உடனே உணர்ந்தான். யூசேபியஸில் ஆந்தையும் இல்லை, கயிறும் இல்லை. தலைக்கு மேல் தேவதூதன் உட்கார்ந்திருக்கிறான். கிரேக்கத்தில் தூதனுக்கும் தேவதூதனுக்கும் ஒரே சொல், அதனால் ஒரு பறவையை நீக்கியதும் வாக்கியம் அப்போஸ்தலர் 12:23உடன் பொருந்திவிடுகிறது. நீக்கியது அவரா, அவர் கையிலிருந்த பிரதியா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் யோசேப்பஸ் கையில் இருக்கும்போது அவரைத் திறந்து பார்க்காமல் யூசேபியஸ் வழியாக மேற்கோள் காட்டுவது தவறு என்பதற்கு இந்த ஓர் இடம் போதும்.

நாட்கணக்கு

தேதிக்கு வருகிறேன்.

பொதுவான தவறு: ஆட்சி தொடங்கிய ஆண்டோடு எண்ணைக் கூட்டுவது. டயோக்ளீஷியன் 284 நவம்பர் 20இல் பதவியேற்றார். முதலாம் ஆண்டு 284 நவம்பரில் தொடங்கி 285 நவம்பரில் முடிகிறது. அப்படியானால் 19ஆம் ஆண்டு 302 நவம்பர் முதல் 303 நவம்பர் வரை. 284உடன் 19ஐக் கூட்டினால் 303 வரும். மார்ச் மாத நிகழ்ச்சிக்கு அது சரியாக அமைந்துவிடும். அதே 19ஆம் ஆண்டின் டிசம்பர் என்றால் அது 302, நீங்கள் 303 என்று எழுதிவிடுவீர்கள். எனவே முதலில் ஒன்றைக் கழியுங்கள், பிறகு மாதத்தைப் பாருங்கள்.

அடுத்தது, ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு மாதம் வந்தால் பதறாதீர்கள். டயோக்ளீஷியன் கிறிஸ்தவர்களை ஒடுக்கிய பெரும் உபத்திரவத்தின் முதல் ஆணை 8.2இல் டிஸ்ட்ரோஸ் மாதம், அதாவது மார்ச். பாலஸ்தீன இரத்தசாட்சிகள் பற்றிய அவருடைய தனி நூலில் அதே 19ஆம் ஆண்டு, ஆனால் க்ஸாந்திகஸ் மாதம், அதாவது ஏப்ரல். பேரரசர் இருந்த நிக்கொமேதியாவில் ஆணை ஒட்டப்பட்டதோ 303 பிப்ரவரி 24. முரண்பாடு ஒன்றுமில்லை, ஊருக்கு ஊர் ஆணை வந்துசேர்ந்த நாள் வேறு. பாலஸ்தீனத்துக்கான தேதியை அந்த ஊர்க்காரர் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார்.

தேதி தெரியாத இடத்தில் தெரியாது என்றே சொல்கிறார், அது அவரிடம் நான் மிகவும் மதிக்கும் குணம். 4.5இல் எருசலேமின் முதல் பதினைந்து பிஷப்புகளின் பெயரைத் தருகிறார், எல்லாரும் விருத்தசேதனமுள்ளவர்கள். ஆனால் அவர்களுடைய காலவரிசையை எந்த எழுத்திலும் காணவில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். பிற்காலத்தில் யாராவது அந்தப் பதினைந்து பேருக்கும் ஆண்டு போட்டுப் பட்டியல் கொடுத்தால், யூசேபியஸ் பெயரை அதற்குச் சாட்சியாக இழுக்கக்கூடாது.

இன்னொன்று, 8, 9, 10 புத்தகங்களை வாசிக்கும்போது: அவர் நூலைப் பலமுறை திருத்தி வெளியிட்டிருக்கிறார். 9ஆம் புத்தகத்தில் பேரரசன் லிசினியஸ் மற்றொரு பேரரசனான கான்ஸ்டன்டைனுக்குச் சமமாக நிற்கிறான், கூடவே "பிற்பாடு பிடித்த பைத்தியம் அப்போது இன்னும் பிடிக்கவில்லை" என்று ஓர் ஒட்டு. 10இன் முடிவில் அவனே கொடுங்கோலன். லிசினியஸ் 324இல் கான்ஸ்டன்டைனிடம் தோற்றான். பழைய புகழ்ச்சியை முழுவதும் அழிக்காமல் மேலே ஒட்டுப் போட்டதால் இந்தத் தையல் தெரிகிறது. 10.5 முதல் 7 வரை உள்ள அரசாணைகள் சில கிரேக்கப் பிரதிகளில் இருக்கின்றன, சிலவற்றில் இல்லை. அதுவும் இதே காரணத்தால். 10இன் கடைசியில் கான்ஸ்டன்டைனின் மகன் கிறிஸ்பஸுக்குப் புகழ்மாலை இருக்கிறது. 326இல் தகப்பனே அவனைக் கொன்றான். ஆகவே கடைசித் திருத்தம் அதற்கு முன்பே முடிந்தது என்று கணக்கிடலாம்.

மாலைவாசகர்

இருவருக்கும் நன்றி. நாலு அடையாள முறையில் 3.39ஐ மீண்டும் பார்த்தேன், பளிச்சென்று பிரிகிறது. தோமா பற்றி யாராவது சொல்லுங்கள். நம் வாசகர்கள் முதலில் கேட்கப்போவது அதுதான்.

மறைவட்டம்

அன்பரே, நேரடியான பதில்: அப்படி ஓர் இடம் இல்லை.

3.1இல் திருத்தூதர்கள் பிரிந்துபோன நாடுகளைச் சொல்கிறார். தோமாவுக்குப் பார்த்தியா, அந்திரேயாவுக்குச் சித்தியா, யோவானுக்கு ஆசியா. அதிகாரத்தின் முடிவில் ஓரிஜென் தொடக்கநூலுக்கு எழுதிய விரிவுரையின் மூன்றாம் தொகுதியை ஆதாரமாகக் காட்டுகிறார். ஏட்டுச்சட்டம் சொன்ன முறைப்படி தோமாவின் வரிக்கு "கே" போடுங்கள், ஏனென்றால் "பாரம்பரியம் கூறுவதுபோல" என்றுதான் அது வருகிறது. 1.13இல் தோமா மறுபடி வருகிறார். எதெஸ்ஸாவின் அப்கார் மன்னனிடம் ததேயுவை அனுப்பிவைப்பவர் அவர். அங்கும் இந்தியா இல்லை.

இந்தியா வருவது 5.10இல். அலெக்சாந்திரியா மறைக்கல்விப் பள்ளியின் பந்தேனுஸ் இந்தியர்களிடம் போனதாகவும், பர்த்தலமேயு விட்டுச்சென்ற மத்தேயு நற்செய்தி எபிரேய எழுத்தில் அங்கே இருந்ததாகவும் "சொல்லப்படுகிறது". இதுவும் கே. பர்த்தலமேயுதான், தோமா அல்ல. மேலும் அக்கால எழுத்தாளர்கள் தென் அரேபியாவையும் எத்தியோப்பியாவையும்கூட இந்தியா என்று எழுதியதுண்டு. அதனால் இந்த ஒரு வரியை வைத்து மலபாருக்கோ மயிலாப்பூருக்கோ வழி போடமுடியாது.

இதைத் தோமா மரபுக்கு எதிரான சாட்சியாகவும் திருப்பிவிடாதீர்கள். யூசேபியஸின் எல்லை அவருடைய நூலகத்தின் எல்லை. செசரியா நூலகம், பிஷப் அலெக்சாந்தர் எருசலேமில் அமைத்த நூலகம் (6.20) இரண்டிலும் இருந்தவை பெரும்பாலும் கிரேக்க ஏடுகள். இலத்தீன் மேற்கைப் பற்றிக்கூட அவருக்குக் கொஞ்சம்தான் தெரியும். தெர்த்துல்லியனின் ஒரு நூலைக் கிரேக்க மொழிபெயர்ப்பில் பார்த்திருக்கிறார், அவ்வளவே. பாரசீகத் திருச்சபை அவர் பக்கங்களில் அநேகமாக இல்லை. தோமா இந்தியாவுக்கு வந்த கதையை விரிவாகச் சொல்வது சிரியாக்கில் பிறந்த தோமா பணிகள் நூல். அதை அதன் பெயரிலேயே மேற்கோள் காட்டுங்கள்.

குறிப்பில் இன்னும் ஒரு எச்சரிக்கை சேருங்கள். 8.2இல், உபத்திரவத்தில் விசுவாசத்தைக் கைவிட்டவர்களைப் பற்றி எழுதப்போவதில்லை, நமக்கும் பின்வருவோருக்கும் பயன்படுவதை மட்டும் சொல்வேன் என்று அவரே அறிவிக்கிறார். எட்டாம் புத்தகத்தில் எல்லாரும் உறுதியாக நின்றதுபோல் தோன்றினால், அது அவர் தேர்ந்தெடுத்த வெளிச்சம்.

ஏட்டுச்சட்டம்

ஒன்று விட்டுப்போனது. அவருடைய மனம் எப்படி வேலை செய்தது என்று பார்க்க வரலாற்றைவிடச் சிறந்த இடம் அவர் அமைத்த சுவிசேஷ அட்டவணைகள். கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் நெஸ்லே-ஆலந்து பதிப்பு இருந்தால் உள்ஓரத்தைப் பாருங்கள், இரண்டு எண்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும். மேலே இருப்பது பகுதி எண். மத்தேயுவுக்கு 355 பகுதிகள், லூக்காவுக்கு 342, யோவானுக்கு 232. கீழே இருப்பது பத்து அட்டவணைகளில் எது என்பது. முதலாவது அட்டவணை நால்வரும் சொல்பவை, பத்தாவது ஒருவர் மட்டும் சொல்பவை.

தேவாலயத்தைச் சுத்திகரித்த பகுதியில் தேடிப் பாருங்கள். மத்தேயு 21இல் பகுதி 211, கீழே 1. முதல் அட்டவணைக்குப் போய் 211இன் வரிசையில் குறுக்கே போனால் மாற்கு 121, லூக்கா 238, யோவான் 21. யோவானில் அது இரண்டாம் அதிகாரம், ஊழியத்தின் தொடக்கம். மற்ற மூவரில் கடைசி வாரம். அவர் யாருடைய வரிசையையும் குலைக்கவில்லை, எதையும் வெட்டி ஒன்றாக்கவில்லை. நான்கு நூலும் எழுதப்பட்டபடி முழுசாக நிற்க, எண் மட்டும் பக்கத்தில். முன்பு அம்மோனியுஸ் மத்தேயுவை ஒட்டி மற்ற மூன்றையும் துண்டு துண்டாக வைத்ததில் மூன்றின் தொடர்ச்சியும் அறுந்துபோனது என்று கார்ப்பியானுஸுக்கு எழுதிய கடிதத்தில் காரணமும் சொல்கிறார்.

நாட்கணக்கு

மொழிபெயர்ப்பு பற்றியும் ஒரு சொல். மெக்கிஃபர்ட்டின் அடிக்குறிப்புகள் இன்றும் மதிப்புள்ளவை, ஆனால் அது ஷ்வார்ட்ஸின் கிரேக்கப் பதிப்பு (1903 முதல் 1909) வருவதற்கு முந்தியது. 8 முதல் 10 வரை பாடபேதம் அதிகம், அங்கே மட்டுமாவது கிரேக்கமும் ஆங்கிலமும் உள்ள லோப் வரிசையின் இரண்டாம் தொகுதியை எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் கிரேக்கம் இருக்கும், கீழே பிரதி வேறுபாடும் இருக்கும். இந்த வரலாற்றைப் பழங்காலத்தில் மொழிபெயர்த்த ருபீனஸின் இலத்தீன் வடிவத்தை ஆதாரமாக எடுக்கவேண்டாம். பத்தாம் புத்தகத்தைச் சுருக்கி ஒன்பதோடு சேர்த்துவிட்டு, 395 வரைக்கும் தன் சொந்தப் புத்தகம் இரண்டைத் தொடர்ச்சியாக வைத்திருக்கிறார். அதில் 10.x, 11.x என்று வருபவை யூசேபியஸ் எழுதியவை அல்ல.