படகு மூடும் துணி: கித்தானா, படங்கா, உறையா?

அன்புள்ள குழுவினருக்கு,

பாய்மரப் படகின் நைந்துபோன மூடுதுணியை அளவெடுத்துப் புதிதாகத் தைப்பது பற்றிய பாடம் ஒன்றைத் தையல் வகுப்புக்காகத் தமிழில் எழுதுகிறேன். திங்களன்று அச்சுக்குப் போகிறது. ஆங்கில மூலத்தில் வரிக்கு வரி கேன்வாஸ். கித்தான் என்று போட்டேன், ஆனால் பாடத்தில் சொல்லும் துணி பருத்தி இல்லை, அக்ரிலிக். இழையாக இழுக்கும் முன்பே கரைசலில் நிறத்தைக் கலந்துவிடுவதால் வெயிலில் சீக்கிரம் வெளுக்காது. பருத்திக் கித்தானோ ஈரத்தில் பூசணம் பிடித்து இற்றுப்போகும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் மாணவர்கள் கடையில் எதைக் கேட்பார்கள்? மூடும் பொருளுக்கும் ஒரு சொல் வேண்டும்.

மறுமொழி:
ஐயா, மூடும் பொருளுக்கு 'மீப்பாய்' இருக்கிறதே! புறநானூறு 30: 'கூம்பொடு மீப்பாய் களையாது'. மீ என்றால் மேல், மேலே கிடக்கும் பாய்.

மறுமொழி:
பொருந்தாது. அங்கே மீப்பாய் காற்றை வாங்கும் பாய்தான். அதைக் களையாமலும் பாரத்தை இறக்காமலும் பெருங்கலம் புகாருக்குள் வந்தது என்பதே பாட்டு. பாய்க்கும் பாயை மூடுவதற்கும் ஒரே பெயர் என்றால் படகில் நிற்பவர் எதைக் கழற்றுவார்? மதுரைக்காஞ்சியில் பாயைக் குறிக்கும் 'இதை'யும் வேண்டாம், 'இதையுறை' என்றால் வகுப்பில் சுட்டுப்பெயராகவே படிப்பார்கள்.

மறுமொழி:
யாழ்ப்பாணத்தில் படங்கு என்றால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். மழைக்கு நெல்லை மூடுவதும் படங்கு, லொறியில் கட்டுவதும் படங்கு. தமிழ்நாட்டில் நீங்கள் சொல்லும் தார்ப்பாய் தமிழ்போல ஒலித்தாலும் அதில் உள்ள தார் ஆங்கிலம், அண்ணை.

மறுமொழி:
கித்தானை ஏன் விட வேண்டும்? கேன்வாஸ் என்ற சொல்லே கஞ்சாச் செடியைக் குறிக்கும் கன்னாபிஸ் வழி வந்தது, ஒரு காலத்தில் அந்த நாரில்தான் நெய்தார்கள். பிறகு பருத்தி, இப்போது அக்ரிலிக். நார் மாறியும் ஆங்கிலத்தில் பெயரை மாற்றவில்லை. கித்தானும் ஆளிநாரைக் குறிக்கும் அரபியின் 'கத்தான்' என்பது என் கணிப்பு, அப்படியே போனால் லினன் வரை...

மறுமொழி:
அப்புறம் நூல்? பழைய உறையைப் பிரித்துப் பாருங்கள், துணி கெட்டியாக இருக்கும், தையலை நகத்தால் கீறினால் நூல் பொடிப்பொடியாக உதிரும். பாலியஸ்டர் நூல் வெயிலில் அந்தத் துணிக்கு முன்பே போய்விடும். டெஃப்லான் என்று சொல்லும் பிடிஎஃப்இ நூல் தாங்கும், விலைதான் அதிகம். வெட்டிய ஓரத்தைச் சூடான கத்தியால் உருக்கிவிட்டால் பிசிறு வராது. சொல்லை முடிவுசெய்யுங்கள், ஆனால் இதைப் பாடத்தில் விட்டுவிடாதீர்கள்.

மறுமொழி:
நன்றி. நூல் பற்றித் தனிப் பத்தியே எழுதிவிட்டேன். மூடும் பொருளுக்குப் 'படகு உறை', துணிக்கு 'அக்ரிலிக் கித்தான்' என்று அச்சுக்கு அனுப்புகிறேன். அடைப்புக்குறிக்குள் படங்கு.

மறுமொழி:
அடைப்புக்குறிக்குள் ஏன்? பழைய அகராதிகளில் உள்ள சொல், இன்றும் வாயில் இருக்கிற சொல். எனக்கு உடன்பாடில்லை. அடுத்த பதிப்பின்போது மறுபடி கேட்பேன்.